திருமலையில் நான்கு நாள்: முதலைக்காரரை நினைத்துக்கொண்டு

செப்டம்பர் 1: கோட்டைக்குள் மான்

செப்டம்பர் பிறந்தால் ஸ்டீவ் இர்வின் ஞாபகம் வந்துவிடும்: 'குரோக்கடைல் ஹன்டர்' தொலைக்காட்சித் தொடரின் அவுஸ்திரேலிய முதலைக்காரர். 2006 செப்டம்பர் 4ஆம் திகதி குயின்ஸ்லாந்தின் பாட் பவளத்திட்டில் திருக்கை முள் நெஞ்சில் ஏறி அவர் இறந்தார். வயது 44. காக்கிக் காற்சட்டையும் "க்ரைக்கி!" என்ற கூச்சலுமாக அவர் திரையில் வந்து நின்றால், ஆங்கிலம் பாதி விளங்காத வீட்டிலும் சானலை மாற்றமாட்டார்கள். அவருக்கும் இலங்கையின் திருமலைக்கும் (திருகோணமலை) தொடர்பு தேடிப் புறப்பட்ட பயணம் இல்லை இது. அவர் வாய் ஓயாமல் பேசிய முதலை, திருக்கை, ஆமை எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் கிடைக்கிற ஊர் என்பதால் திருமலை. இரவில் எழுதி மறுநாள் காலையில் பதிவிடுகிறோம்.

முதல் நாள் சுலபமானது. பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள். காலை ஆறரைக்குள் போய்விட வேண்டும். கோணேசர் கோயிலுக்கு வாகனங்கள் ஏறத் தொடங்கிவிட்டால் மான்கள் மரநிழலுக்கோ, கடைகளின் பின்பக்கக் குப்பைக்கோ ஒதுங்கிவிடும். அந்தக் குப்பைதான் இங்கே பெரிய பிரச்சினை. மான் அசைபோடும் பிராணி. பொலித்தீன் பையில் உப்போ இனிப்போ ஒட்டியிருந்தால் பையோடு விழுங்கும். அது முதல் இரைப்பையிலேயே தங்கி உருண்டுவிடும். கீழேயும் இறங்காது, மேலேயும் வராது. வயிறு நிரம்பிய உணர்வோடு மான் மெலிந்து சாகும். பாண் துண்டு கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல்: மாவுப்பண்டம் அதிகமானால் அசைபோடும் விலங்கின் வயிறு புளித்துவிடும், அதுவும் கொல்லும். கையில் எடுத்துப்போன அர்ச்சனைப் பையைத் திரும்பக் கொண்டுவந்தாலே பாதி புண்ணியம்.

இர்வினிடம் பலரும் கவனிக்காத பழக்கம் ஒன்று உண்டு. விலங்கைக் காட்டிய அடுத்த நொடியே அதன் உடம்பு என்ன சொல்கிறது என்று வாசிக்கத் தொடங்கிவிடுவார். பாம்பின் கழுத்து வளைவு, முதலையின் வால் நுனி, மூச்சின் சத்தம். மானிலும் அதைச் செய்து பார்க்கலாம். மேய்ந்துகொண்டே காதை மட்டும் உங்கள் பக்கம் திருப்பினால் ஆளைக் கண்டுவிட்டது என்று அர்த்தம். தலை நிமிர்ந்து இரண்டு காதும் முன்னால் வந்தால் அங்கேயே நில்லுங்கள். முன்னங்காலால் தரையைத் தட்டினால் ஓரடி பின்வாங்குங்கள். அதற்கும் மேலே போனால் வால் தூக்கி, கூவி, கூட்டமே ஓடும், படம் கிடைக்காது. கொம்பின் மேல் தோல் உரிந்து, கொம்பு காய்ந்து கூராக இருக்கும் கிடாயின் அருகில் பிள்ளைகளை விடவேண்டாம். ஊருக்குள் திரிவதால் அது வளர்ப்பு மான் ஆகிவிடாது.

புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் "தாயில்லை" என்று தூக்கிவிடுகிறார்கள். தாய் அதை ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். தொடாமல் விலகினால் திரும்பி வரும். உண்மையாகவே தாய் செத்த குட்டியை வளர்ப்பது வேறு வேலை. இர்வினின் தாய் லின் அந்த வேலையில் கைதேர்ந்தவர். அநாதைக் கங்காருக் குட்டிகளைத் துணிப்பைகளுக்குள் போட்டு வளர்த்தவர். தந்தை பாப் குழாய் வேலைக்காரர், ஊர்வன மேல் பைத்தியம். 1970இல் குடும்பத்தோடு குயின்ஸ்லாந்துக்கு இடம்பெயர்ந்து பீர்வாவில் சிறிய ஊர்வனப் பூங்கா தொடங்கினார்கள். இன்றைய அவுஸ்திரேலியா சூ என்ற விலங்குக்காட்சிச்சாலை முளைத்தது அங்கேதான். பையனுக்கு ஆறாவது பிறந்தநாள் பரிசு ஒரு மலைப்பாம்பு. அப்படிப்பட்ட வீடு!

செப்டம்பர் 2: மூதூர் வீதி, வெருகல் ஆறு

மட்டக்களப்புக்குப் போகிற ஏ15 வீதி ஒரு காலத்தில் ஆற்றுவாய்க்கு ஆற்றுவாய் "பாதை" என்கிற மிதவைப் படகு ஏறிக் கடக்கிற வீதி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர், அப்போது நாட்டிலேயே நீளமானது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியார் குடாவில் விழுவது இந்தப் பக்கம். வெருகல் ஆறு அதன் கிளை. முதலையைத் தேடுகிறவர் இந்தக் கிளைகளையும் வயலோரக் குளங்களையும் பார்க்க வேண்டும். நேரம் காலை எட்டரை முதல் பத்தரை வரை. இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்த உடம்பு வெயில் காய ஏறும் நேரம் அது. நண்பகலில் கச்சான் காற்று அனலாக வீசும்போது மறுபடி தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

இலங்கையில் முதலை இரண்டு வகை. குளத்துக்கும் நன்னீருக்கும் உரிய சேற்று முதலை ஒன்று; கழிமுகத்திலும் சதுப்பிலும் வாழும் செம்மூக்கன் மற்றது. செம்மூக்கன்தான் இர்வின் பிடித்த உவர்நீர் முதலை, அதே இனம். தூரத்திலிருந்து பிரித்தறிய பிடரியைப் பாருங்கள். தலை முடிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் நான்கு பெரிய செதில்கள் வரிசையாகத் துருத்திக்கொண்டிருந்தால் சேற்று முதலை. அந்த இடம் ஏறக்குறைய வழவழப்பாக இருந்து, கண்ணிலிருந்து மூக்கு நோக்கி இரண்டு முகடுகள் ஓடினால் செம்மூக்கன். முட்டையிடுவதிலும் வித்தியாசம் உண்டு: சேற்று முதலை மண்ணைக் குழி தோண்டி இடும், செம்மூக்கன் இலைதழைகளைக் கூட்டிக் குவியல் கட்டி அதற்குள் இடும். ஆற்றோரத்தில் யாரோ குப்பை கூட்டிவைத்ததுபோல் ஒரு மேடு தெரிந்தால் கிட்டப் போகாதீர்கள். தாய் பக்கத்துத் தண்ணீரில்தான் இருப்பாள்.

முதலையைக் காணாவிட்டாலும் தடத்தைக் காணலாம். கரைச் சேற்றில் வயிறு சறுக்கிய வழுவழுப்பான பட்டை ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். நடந்து போயிருந்தால் நடுவே வால் இழுத்த கோடு, இரு புறமும் கால் தடம். முன்னங்காலில் ஐந்து விரல், பின்னங்காலில் நான்கு. பட்டை இன்னும் ஈரமாகப் பளபளத்தால் ஆள் இப்போதுதான் இறங்கியிருக்கிறார். நீங்கள் நிற்கும் இடம் சரியில்லை.

தண்ணீர் விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். முதலை நீந்தி வந்து தாக்குவதைவிட, விளிம்பில் அசையாமல் கிடந்து பாய்வதே வழக்கம். ஒரு மணி நேரம் வரை மூச்சை அடக்கிக் கிடக்கக்கூடியது. "அரை மணி நேரமாகப் பார்க்கிறேன், ஒன்றுமில்லை" என்பது பேச்சில்லை. தினமும் ஒரே நேரத்துக்கு, ஒரே துறையில் குளிப்பதும் துவைப்பதும் தவறு. முதலை நேரம் படிக்கும். துறையில் மீன் கழுவிக் குடலை எறிவது அதைவிட மோசம். அது சாப்பாட்டு மணி அடிப்பதுபோல. குளிக்கத்தான் வேண்டுமென்றால் மரக்கம்புகளை நெருக்கி நட்டு அடைத்த துறையில் குளிக்கலாம். கம்பு உக்கியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அடைப்பை முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளம் ஒரு கம்பைச் சாய்த்தாலே வழி கிடைத்துவிடும்.

இனி அந்தப் பாய்ச்சல். இர்வின் முதலை முதுகில் விழுந்ததைப் பலர் சர்க்கஸ் என்று நினைத்தார்கள். வேலையின் ஒழுங்கு இதுதான்: இரை வைத்த வலைப்பொறியில் முதலை அகப்படும். கம்பிக் கூடு போட்டால் மூக்கை முட்டிப் பல்லை உடைத்துக்கொள்ளும், அதனால்தான் வலை. மேல்தாடையில் கயிறு மாட்டி வெளியே இழுப்பார்கள். அந்த நொடியிலிருந்து அவசரம். கயிற்றோடு உருண்டு உருண்டு போராடும் முதலையின் தசைகளில் லக்டிக் அமிலம் ஏறும். பெரிய முதலை நீண்ட நேரம் போராடினால் அந்த அமிலத்தாலேயே சாகும், சில நேரம் விட்டுவிட்ட பிறகும்கூட. அதனால் ஒருவர் தலையில் விழுவார், மற்றவர்கள் வரிசையாக முதுகில் விழுவார்கள், கண்ணை ஈரச் சாக்கால் மூடுவார்கள். கண் மறைந்ததும் பாதி அடங்கிவிடும். வாயை மூடும் தசைக்குத்தான் அந்தப் பயங்கரப் பலம். திறக்கும் தசை சோனி. ஆகவே சாதாரணக் கயிறும் நாடாவும் வாய்க்கட்டுக்குப் போதும். அவர் பாய்ந்த வேகம் முதலையின் உயிருக்காக. (இதை யாரும் வீட்டில் செய்ய மாட்டீர்கள் என்று எழுத வந்தோம். ஆனால் ஆற்றில் கயிறு போட்டு முதலை இழுக்கும் வீடியோக்கள் வருகின்றன. செய்யாதீர்கள்.)

1980களில் குயின்ஸ்லாந்து அரசின் முதலைத் திட்டத்தில் அவர் தொண்டராக வேலை செய்தார். சுட்டுவிடுவார்கள் என்றிருந்த முதலைகளைப் பிடித்து வேறிடம் கொண்டுபோனார். 1992இல் டெரியை மணந்து, தேனிலவுக்குப் போனதும் முதலை பிடிக்கத்தான். அதைப் படமெடுத்ததுதான் அந்தத் தொலைக்காட்சித் தொடரின் ஆரம்பம். அந்த மனிதரே பிறகு குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, பிடித்த முதலைகளின் பிடரியில் செய்மதிக் கருவி பொருத்தினார். கேப் யோர்க் தீபகற்பத்தின் ஒரு கரையிலிருந்து ஹெலிகொப்டரில் தூக்கி மறுகரையில் விட்ட ஆண் முதலை ஒன்று சில மாதம் அங்கேயே சுற்றியது. பிறகு கிளம்பி, தீபகற்பத்தைக் கடல்வழியே சுற்றி, 400 கிலோமீற்றருக்கு மேல் 20 நாளில் நீந்திப் பழைய ஆற்றுக்கே வந்து சேர்ந்தது. அந்த ஆய்வு அவர் பெயரையும் தாங்கி 2007இல் வெளிவந்தது. அப்போது அவர் இல்லை.

இங்கே ஆற்றோர ஊர்களில் முதலை தலைகாட்டினால் முதலில் எழும் குரல், "பிடிச்சுக்கொண்டுபோய் வேற இடத்தில விடுங்கோ" என்பதுதான். அந்த 20 நாளை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். செம்மூக்கனை இடம் மாற்றுவது பிரச்சினைக்குப் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது மாதிரி, திரும்பி வரும். கம்படைப்புத் துறையும் குடல் எறியாத கரையும்தான் வேலை செய்யும். தன் வாழ்நாள் வேலையின் ஒரு பகுதி பலிக்காது என்று காட்டும் ஆய்வுக்குத் தானே கயிறு பிடித்தவர் என்பதற்காக, பாய்ச்சலை விட அந்தக் கருவி பொருத்திய நாட்களுக்காக அவரை அதிகம் மதிக்கிறோம்.

எல்லாம் தேன் என்றும் எழுத முடியாது. 2004 ஜனவரியில் ஒரு கையில் கைக்குழந்தை, மறு கையில் கோழி இறைச்சி என்று முதலைக்கு முன்னால் நின்றார். முதலை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று அவர் எவ்வளவு விளக்கினாலும், அது பிழைதான்.

செப்டம்பர் 3: திமிங்கிலம், சுருக்கமாக

திமிங்கிலம் பார்க்கப் படகு காலை ஐந்தரை, ஆறுக்குப் புறப்பட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு காற்று கிளம்பி அலையின் தலை வெளுத்தால், ஊதும் நீர்ப்புகையை அலையிலிருந்து பிரித்தறிய முடியாது. செப்டம்பர் என்பது பருவத்தின் கடைசி. ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை வந்தால் வாய்ப்பு அதிகம். திருமலைக்கு இவ்வளவு கிட்ட ஏன் வருகின்றன என்றால், குடாவிலிருந்தே தொடங்குகிறது ஓர் ஆழ்கடல் பள்ளத்தாக்கு. கரையோரமாகவே ஆழம் விழுவதால் ஆழ்கடல் விலங்குக்கு இங்கே கரை கிட்ட. 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில்தான் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து படித்தார்கள்.

புகையைப் பாருங்கள். நேராக, உயரமாக, தூண்போல் எழுந்தால் நீலத் திமிங்கிலம். தாழ்வாக, இடப்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்தால் பெருந்தலை எண்ணெய்த் திமிங்கிலம். அதன் மூக்குத்துவாரம் தலையின் இடது நுனியில் இருப்பதால் அந்தச் சாய்வு. நூறு மீற்றருக்குள் படகு போகக்கூடாது, முன்னால் குறுக்கே மறிக்கவும் கூடாது. வால் தூக்கி அமிழ்ந்த பிறகு துரத்த வேண்டாம், எஞ்சினை நிறுத்திப் பத்து இருபது நிமிடம் காத்திருங்கள். படகோட்டி அவசரப்படுவது பெரும்பாலும் பயணி அவசரப்படுவதால்தான். வெறும் வயிற்றில் போகவேண்டாம்; இரண்டு பிஸ்கட், இஞ்சித் துண்டு, படகின் நடுப்பக்கத்தில் இருக்கை. இன்று எங்கள் கண்ணில் பட்டது தூரத்தில் இரண்டு தூண், அவ்வளவுதான்.

செப்டம்பர் 4: புறாமலை, திருக்கை

நிலாவெளிக் கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தில் டிக்கெட் எடுத்து, படகில் ஒரு கிலோமீற்றர் போனால் புறாமலை. மாடப்புறாக்கள் கூடு கட்டும் பாறை, அதுவே பெயர். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. பருவம் மே முதல் செப்டம்பர் வரை. வாடைக்காற்று மாதங்களில் கடல் கலங்கிக் கிடக்கும், போகவேண்டாம். முதல் படகிலேயே போய்விடுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு ஆழமில்லாத பவளத்தின்மேல் நூறு கால்கள்.

முகக்கண்ணாடியை வாடகைக்கு எடுக்குமுன் பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை விட்டாலும் ஒட்டி நின்றால் பொருந்தும். மீசைக்காரருக்கு மேலுதட்டில் தண்ணீர் கசியும், கொஞ்சம் வாசலின் தடவலாம். கண்ணாடி மூடுபனி பிடிக்காமல் உட்புறம் எச்சில் துப்பித் தேய்த்து அலசுவது பழைய வழி, இன்னும் அதை மிஞ்சியது வரவில்லை. நீச்சல் நன்றாகத் தெரிந்தாலும் மிதவைச் சட்டை போடுங்கள். களைத்தவர் செய்யும் முதல் காரியம் பவளத்தின்மேல் கால் ஊன்றுவது. ஒரு மிதிக்கு உடையும் கிளை, வளர ஆண்டுகள் எடுத்தது. உடலில் கிரீம் பூசுவதை விட முழுக்கைச் சட்டை நல்லது.

கருநுனிச் சுறாக்கள் உங்களைச் சுற்றிப் போகும். நீளம் ஒரு மீற்றரும் சொச்சமும். கூச்சமுள்ள பிராணி. துரத்தாமல், சோறு போடாமல், கையைத் தொங்கவிடாமல் மிதந்தால் அதுவே கிட்ட வரும். அழுங்காமை பவள இடுக்கில் கிளிமூக்கால் கொத்திக்கொண்டிருக்கும். அது மூச்சுக்கு மேலே வரும்போது வழியை மறிக்காதீர்கள், மறித்தால் மூச்செடுக்காமலே திரும்பி அமிழும். ஆமை என்றதும் இன்னொன்று. 1990இல் பேர்டெக்கின் ஆற்றில் தந்தையோடு மீன் பிடிக்கப் போன இர்வின், பெயரில்லாத வெண்தலை ஆமை ஒன்றைக் கண்டார். 1997இல் அதற்கு எல்சேயா இர்வினி என்று அவர் குடும்பப் பெயரையே வைத்தார்கள். நீருக்கடியில் பின்துவாரம் வழியாகவும் ஒட்சிசன் எடுக்கும் ஆமை அது. அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று நினைத்தாலே சிரிப்பு வரும்.

கரை திரும்பும்போது இடுப்பளவு தண்ணீரில் படகிலிருந்து குதிக்காதீர்கள். இறங்குகையில் படகோட்டி சொன்னது ஒரே வாக்கியம்: "தம்பி, காலைத் தூக்கி வையாதேங்கோ, இழுத்து இழுத்து வாங்கோ." மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும், கண்ணும் மூச்சுத்துளையும் மட்டும் வெளியே. மேலே மிதித்தால்தான் வால் எகிறும். முள் கணுக்காலில் ஏறும். காலைத் தேய்த்துக்கொண்டு நடந்தால் அதிர்வுக்கே அது எழும்பிப் போய்விடும்.

பாட் பவளத்திட்டில் நடந்தது மிதித்ததால் அல்ல. ஆபத்தான கடலுயிர்கள் பற்றிய படத்துக்காகப் போயிருந்தார். காலநிலை சரியில்லாமல் அந்த வேலை நின்றுபோக, எட்டு வயது மகள் பிண்டியின் நிகழ்ச்சிக்காகச் சில காட்சி எடுக்க இறங்கினார். நெஞ்சளவு தண்ணீர். திருக்கைக்கு முன்னால் கமராக்காரர், பின்னால் மேலே இர்வின். முன்னால் வழி அடைபட்டு, தலைக்கு மேல் நிழல் விழுந்தால் திருக்கைக்கு அது வேட்டைச் சுறாதான். மேலிருந்தும் பின்னிருந்தும் திருக்கையை நெருங்கக்கூடாது, அதன் முன் வழியைத் திறந்துவைக்க வேண்டும் என்பது அந்தச் சில நொடிக்குள் அடங்கியிருக்கிறது. பிறகு குயின்ஸ்லாந்துக் கரைகளில் வால் அறுக்கப்பட்டுச் செத்த திருக்கைகள் குறைந்தது பத்து கிடந்தன. பழிவாங்குகிறார்களாம், அதுவும் அவர் பேரால்.

முள் ஏறினால் செய்ய வேண்டியது. காலில் கையில் என்றால் முதலில் கடல்நீரில் கழுவி, தெரிகிற துண்டை எடுத்து, சூட்டு நீரில் அமிழ்த்துங்கள். 45 பாகைக்கு மேல் போகாத, பொறுக்கக்கூடிய சூடு. விஷம் புரதம், சூட்டில் சிதையும், வலி இறங்கும். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம், ஆற ஆறச் சூட்டுநீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டை அடிபடாத காலால் பார்த்துவிட்டு வையுங்கள். வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். கரைக்கு ஒரு பிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோவது பாரமில்லை, மறந்தால் தேநீர்க் கடை இருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரி கட்டாயம்: முள்ளின் விளிம்பு பின்னோக்கிய அரம்பப் பல், உடைந்த துண்டு உள்ளே தங்கினால் சீழ் வைக்கும், எக்ஸ்ரே வேண்டும், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி வேண்டும். நெஞ்சு, கழுத்து, வயிற்றில் ஏறியிருந்தால் முள்ளை இழுக்கவே கூடாது. அது போகும்போது கிழித்ததைவிடத் திரும்பும்போது அதிகம் கிழிக்கும், அடைத்து நிற்கும் இரத்தமும் பாயும். அசையாமல் கட்டி, அப்படியே கொண்டு ஓடுங்கள்.

பின்னேரம் நிலாவெளியில் கரைவலை இழுத்தார்கள். வலையின் மடி கரையேறியபோது சூடை மீன் குவியலுக்கு நடுவே தட்டளவு திருக்கை ஒன்று. சிறுவர்களை ஒரு அதட்டலில் விலக்கிவிட்டு, மூத்தவர் துடுப்பின் தட்டையால் வாலின் அடியை மணலோடு அழுத்தினார். கத்தி முனையால் முள்ளை அடியோடு நெம்பி எடுத்தார். விரல் நீளம், இரு பக்கமும் பல், வழவழவென்ற உறை. அதைக் கடலுக்கு வீசவில்லை, மணலிலும் விடவில்லை. வெற்றிலைப் பையிலிருந்து ஒரு கடதாசி எடுத்துச் சுற்றி, வாடிக்குப் பின்னால் தாழை மூட்டில் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்து சூடையைத் தெரிந்தெடுக்கத் தொடங்கினார்.